வாசித்தவர் பெயர் எங்கே?

சென்ற வாரம் லாஸ் ஏஞ்சலஸ் புறநகர்ப் பள்ளி ஒன்றில் மாணவர் இசை நிகழ்ச்சி. செல்லோ வரிசையில், கர்நாடகத்தின் கோபிநத்தத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பத்துப் பெண் ஒருத்தி. பீச் பாய்ஸ் குழுவின் ‘குட் வைப்ரேஷன்ஸ்’ பாட்டை வாசித்தார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் அவளுடைய பாட்டி நிகழ்ச்சித் தாளைப் பிரித்து விரல் வைத்துத் தேடினார். பேத்தியின் பெயர் இருந்தது. மேடையில் நாற்காலி போட்ட பிள்ளைகளின் பெயரும் இருந்தது.

அந்தப் பாட்டுக்கு அப்படியொரு தாள் பொருத்தம்தான். முழுப் பாட்டையும் ஒன்றாக வாசித்துப் பதிவு செய்வதே வழக்கமாக இருந்த காலத்தில், அந்தக் குழுவின் பிரையன் வில்சன் அதைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து, நாடாவை வெட்டி ஒட்டி உருவாக்கினார். 1966 பிப்ரவரியில் தொடங்கிய வேலை செப்டம்பரில்தான் முடிந்தது. நான்கு ஸ்டுடியோக்கள், 90 மணி நேரத்துக்கும் மேற்பட்ட நாடா, கையில் கிடைத்ததோ 3 நிமிடம் 35 விநாடிப் பாட்டு. அக்டோபர் 10 அன்று வெளியாகி, டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

பல்லவி வரும்போது கேளுங்கள். அடியில் செல்லோ திஸ்ர நடையில் அறுத்துக்கொண்டே போகும். மேலே ஊளையிடுவதுபோல் வழுக்கி ஏறி இறங்குவது எலெக்ட்ரோ தெரமின் என்னும் மின்னணு வாத்தியம். சுர அடையாளம் போட்ட பட்டையின் மேல் பிடியை நகர்த்தி, பால் டானர் அதை வாசித்தார். கிளென் மில்லர் குழுவில் டிராம்போன் ஊதியவர் அவர். டிரம்ஸ் ஹால் பிளெய்ன், செல்லோ ஜெஸ்ஸி எர்லிக். பீச் பாய்ஸ் பெரும்பாலும் பாடினார்கள். வாத்தியங்களில் பெரும்பகுதி கூலிக்கு அமர்த்திய கலைஞர்களுடையது. இசைத்தட்டில் இவர்கள் பெயர் இல்லை. பிறகு எப்படித் தெரிந்தது?

அங்கேதான் இந்த நாட்டுத் தொழிற்சங்க விதி ஒன்று தலைவணங்க வைக்கிறது. இங்கே இசைக் கலைஞர்களின் கூட்டமைப்பு ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் அதன் 47-ஆம் எண் கிளை. ஒரு பதிவு என்றால் அடிப்படை மூன்று மணி நேரம். அதைத் தாண்டினால் கூடுதல் கூலி. குழுவை நடத்துபவருக்கு இரட்டைக் கூலி. ஒரே ஆள் இரண்டாவது வாத்தியம் தொட்டால் அதற்கும் தனிக்காசு. ஓய்வூதிய நிதிக்கு நிறுவனம் தன் பங்கைக் கட்ட வேண்டும். இவ்வளவையும் கணக்குப் பார்க்க, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு படிவம்: எந்த ஸ்டுடியோ, என்ன தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, யார் யார் வந்தார்கள். கூலிக்காக எழுதிய அந்தத் தாள்கள்தான் பிற்காலத்தில் வரலாற்றுக்குச் சாட்சியாயின.

சென்னையிலும் எம்.பி. சீனிவாசன் திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கண்டு கூலிக்காகப் போராடினார். ஆனால் எம்.எஸ். விஸ்வநாதன் பாடல்களில் அக்கார்டியன் வாசித்த மங்களமூர்த்தியையும், டிரம்ஸ் வாசித்த நோயல் கிராண்டையும், தபேலா பிரசாத்தையும் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? பாட்டுவாரியாக யார் வாசித்தது என்று கேட்டால் நினைவில் வைத்திருக்கும் ஒன்றிரண்டு பெரியவர்களைத்தான் தேடிப் போக வேண்டும். ஏ.ஆர். ரஹ்மான் ஒலிநாடா அட்டையில் கலைஞர்கள் பெயரை அச்சிட்ட பிறகுதான் அட்டையைத் திருப்பிப் படிக்கும் பழக்கமே நமக்கு வந்தது.

செல்லோ வாசித்த பெண்ணின் குடும்பத்து ஊரான கோபிநத்தம் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொன்னாலே வெளியாட்கள் வீரப்பனைத்தான் கேட்பார்கள். ஊர்க்காரர்கள் சொல்வது வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ் பெயரை. அவர்களுக்கு மாரியம்மன் கோயில் கட்டித் தந்தவர், 1991-இல் வீரப்பனால் கொல்லப்பட்டவர். அவர் படத்தைக் கோயிலில் வைத்திருக்கிறார்கள். நன்றியோடு பெயரைக் காப்பதில் அந்த ஊரை எந்த அமெரிக்க ஊரும் மிஞ்ச முடியாது.

பக்கத்திலிருக்கும் மாதேஸ்வரன் மலையில் கம்சாளே என்னும் வெண்கலத் தாளம் தட்டி இரவெல்லாம் பாடுகிறார்கள். சேலம், தருமபுரி, ஈரோட்டிலிருந்து போகும் பக்தர்கள் கைப்பேசியில் பதிவு செய்து ஊர்முழுக்க அனுப்புகிறார்கள். ‘மாதேஸ்வரன் பாட்டு’ என்பதற்கு மேல் அதில் ஒரு சொல் இருப்பதில்லை. பாடியவர் குரல் அமெரிக்கா வரை வந்துவிடுகிறது. அவர் யாரென்று இங்கே கேட்பவருக்குத் தெரிவதில்லை.

அடுத்த அமாவாசைக்கு மலைக்குப் போகிறவர்கள், மாரியம்மன் பண்டிகைக்குப் பம்பைக்காரரைப் படம் பிடிக்கிறவர்கள், பதிவை அனுப்பும் முன் பாடியவரிடமோ வாசித்தவரிடமோ கேட்டு, அவர் சம்மதித்தால் மூன்று விவரம் எழுதுங்கள்: பெயர், ஊர், தேதி.