கரிசல் மண்ணும் காரின் நடுக்கமும்

மதுரையிலிருந்து தெற்கே குமரிமுனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஒருமுறையேனும் பயணம் செய்யாத வாசகர் நம்மில் மிகச் சிலரே இருப்பர். முன்னாளில் ஏழாம் எண் பெற்றிருந்த அச்சாலை, 2010-ஆம் ஆண்டில் எண்கள் மாற்றியமைக்கப்பட்டபோது 44-ஆம் எண்ணைப் பெற்றது. இன்று அது ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் பெருஞ்சாலையின் கடைக்கோடி. பழைய சாலையில் புளியமர நிழலும் மாட்டுவண்டி வரிசையும் இருந்தன. வேகம் மட்டும் இல்லை. அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டினால் ஓட்டுநரை ஏசுவார்கள். நான்குவழிச்சாலையாக அது விரிந்த பின்னரோ, தொண்ணூறு என்பது சாதாரண வேகமாகிவிட்டது. பழைய சாலையில் வெளிப்படாமலேயே மறைந்து கிடந்திருக்கக்கூடிய குறைகளை இப்புதிய சாலை வெளிக்கொணர்ந்து விடுகிறது. அவ்வாறு வெளிப்பட்ட குறை ஒன்றைப் பற்றியே எழுத விழைகிறேன்.

2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஒரு சனிக்கிழமை. எங்கள் பங்கைச் சார்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரையும் அவர்தம் துணைவியாரையும் நாகர்கோவிலுக்கு அழைத்துச் செல்ல இசைந்திருந்தேன். பேத்தியின் நிச்சயதார்த்தம் காலை பதினொரு மணிக்கு. மழைத்தூறலுடன் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மதுரையை விட்டுப் புறப்பட்டோம். தலைமையாசிரியர் என் அருகிலும், அம்மையார் பின் இருக்கையில் பலகாரக் கூடையோடும் அமர்ந்திருந்தனர்.

என் சிறு காரைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் பழைய வண்டியாக வாங்கியது. முன்சக்கர டயர்கள் இரண்டையும் மாற்றியிருந்தேன். பின்சக்கர டயர்களில் பொத்தான் நன்றாக இருந்தமையால் அவற்றை அப்படியே விட்டுவிட்டேன். ஒரு மாதமாகவே வேகத்தில் ஒரு மெல்லிய அதிர்வு தோன்றி வந்தது. நகரத்துப் பணிமனை ஒன்றில் காட்டினேன். அவர்கள் முன்சக்கரங்களுக்கு மட்டும் பேலன்சிங் செய்து, அலைன்மென்ட் பார்த்து, இன்னும் குறை இருப்பின் ஸ்டியரிங் பகுதியையே மாற்ற வேண்டும், இருபத்தாறாயிரம் ரூபாய் ஆகும் என்றனர். வண்டியை ஓட்டிப் பார்க்கவுமில்லை; எந்த வேகத்தில், எந்த இடத்தில் ஆட்டம் தெரிகிறது என்று கேட்கவுமில்லை. பணமின்மையால் அவ்வேலையை ஒத்திவைத்தேன். பயணத்திற்கு முந்தின நாள் அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே கரிசற்காட்டுச் சிற்றூர் ஒன்றில் அடக்கத்துக்குச் சென்று, சேற்றில் புதைந்து, இளைஞர்கள் நால்வர் தள்ளிவிட வெளியேறி வந்திருந்தேன்.

விருதுநகரைத் தாண்டும் வரை லாரிகளின் நெரிசலால் வேகம் எடுக்க இயலவில்லை. பின்னர்ச் சாலை திறந்தது. எழுபது வரை வண்டி அமைதியாகவே ஓடிற்று. எண்பதில் ஸ்டியரிங் என் விரல்களுக்குள் சிலிர்த்தது. தொண்ணூறில் கைக்கடிகாரம் குலுங்கும் அளவுக்கு நடுங்கிற்று. நூற்றை நெருங்கியபோது வியப்பாகச் சற்றே தணிந்தது. ஐந்தாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு மாற்றிப் பார்த்தேன். எஞ்சின் ஓசை உயர்ந்ததேயன்றி ஆட்டத்தில் மாற்றமில்லை. எனவே எஞ்சினோ அதனைத் தாங்கும் ரப்பர்களோ காரணமல்ல. பிரேக்கை அழுத்தும்போது மட்டும் ஆடியிருந்தால் பிரேக் டிஸ்க்கை ஐயுறலாம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஆடியிருந்தால், முன்சக்கரங்களுக்கு விசை கொண்டு செல்லும் தண்டின் மூட்டை ஐயுறலாம். இவ்விரண்டும் இல்லை. எட்டூர்வட்டம் சுங்கச்சாவடியில் நின்று புறப்பட்டபோது, சுழியத்திலிருந்து தொண்ணூறு வரை மீண்டும் ஒருமுறை கவனித்தேன். அதே எண்பது, அதே தொண்ணூறு. சக்கரத்தின் கோளாறுதான் என்று நானே தீர்ப்பளித்துக்கொண்டேன்.

சக்கரம் ஏன் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்குகிறது? சோளக்கொல்லையில் கவண் சுற்றியவர்க்கு இது எளிதில் விளங்கும். கல் சிறிதாயினும், வேகமாகச் சுற்றச் சுற்ற அது கையை இழுக்கும் விசை பெருகுகிறது. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு. என் வண்டியின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் தூரம் ஓடுவது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குப் பதினான்கு முறை சுழலும். ரிம்மின் ஓரத்தில் முப்பது கிராம் எடை ஒரு பக்கம் மிகுந்திருந்தால், ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு கிலோ பாரத்தின் அளவுக்கும், நூறு கிலோமீட்டர் வேகத்தில் நான்கு கிலோவுக்கு மேலும் சக்கரத்தைச் சுற்றுத்தோறும் இழுக்கும். அதனோடு, டயரின் மேலும் சுருள்வில்லின் கீழும் நிற்கும் சக்கரத்துக்குத் தனக்கென்று ஒரு துள்ளல் உண்டு. நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை வரை அது துள்ளும். சுழற்சியும் துள்ளலும் ஒத்துப்போகும் வேகத்தில், உரிய தருணத்தில் தள்ளப்படும் ஊஞ்சல்போல ஆட்டம் ஓங்குகிறது. அவ்வேகத்தைக் கடந்தால் சற்றே அடங்குகிறது. அடங்கிற்று என்பதற்காக நூற்றுப் பத்தில் ஓட்டித் தப்பிக்கும் அன்பர்களை நான் அறிவேன்!

சாத்தூரில் வைப்பாற்றுப் பாலத்தைக் கடந்ததும், சேவைச் சாலையோரம் ஓலைச் சார்ப்பின் கீழ் ஒரு பஞ்சர் கடையைக் கண்டு நிறுத்தினேன். அறுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். நான் என் ஆராய்ச்சி முழுவதையும் ஒப்புவித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நேத்து எந்தப் பக்கம் போயிட்டு வந்தீங்கய்யா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சொன்னேன். சிரித்துக்கொண்டே டார்ச் விளக்கோடு குனிந்து, முன்சக்கர ரிம்மின் உட்புறத்தைக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்குக் கரிசல் களிமண் அப்பி, இரவோடிரவாக இறுகிப் போயிருந்தது.

கரிசல் மண்ணின் இயல்பே அதுதான். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும்; மழை பெய்தால் நீரைக் குடித்து உப்பி, பசைபோல் பற்றிக்கொள்ளும். பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைவிக்கும் அந்த ஈரப்பிடிப்புதான் என் சக்கரத்தையும் பிடித்திருந்தது. நான்கு சக்கரங்களிலிருந்தும் சுரண்டி எடுத்ததைச் சேர்த்தால் அரைக் கிலோவுக்குக் குறையாது. இருபத்தாறாயிரம் ரூபாய் மிச்சம் என்று தலைமையாசிரியர் கைதட்டினார். நானும் பணத்தை எடுத்தேன்.

பெரியவர் வாங்கவில்லை. “ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு வாங்க. கை ஆடுதா, உக்காந்த இடம் ஆடுதான்னு மட்டும் பாருங்க” என்றார். கை ஆடினால் முன்சக்கரம், இருக்கை ஆடினால் பின்சக்கரம் என்பது அவர் கணக்கு. அடுத்த திருப்பம் வரை சென்று திரும்பினோம். ஸ்டியரிங் சற்றும் அசையவில்லை. “அருமை!” என்றேன். அப்போது பின்னிருந்து அம்மையார், “சாமி, எனக்குக் கால்மாட்டுல குறுகுறுன்னு அப்படியேதான் இருக்கு” என்றார்.

எப்போதிருந்து என்று வினவினேன். மதுரையிலிருந்தே என்றார். சுங்கச்சாவடி வரிசையில் மெல்ல நகர்ந்தபோதுகூட வண்டியின் பின்புறம் வாத்து நடப்பதுபோல் அசைந்ததாம். ஏன் சொல்லவில்லை? “நீங்க ரெண்டு பேரும் ஸ்டியரிங்கப் பத்தியே பேசிட்டு இருந்தீங்க. அதுல நான் என்ன சொல்றது?” தலைமையாசிரியர் சாளரத்துக்கு வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன்.

பெரியவர் பின்புற வலச் சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றினார். சாக்கட்டி ஒன்றைத் தரையில் ஊன்றி, அதன் முனை டயரை மயிரிழையில் தொடாதவாறு பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். முக்கால் சுற்று வரை தொடவில்லை. பிறகு ஓரிடத்தில் மட்டும் டயர் மேடிட்டு வந்து சாக்கட்டியைத் தேய்த்துச் சென்றது. அவ்விடத்தை விரலால் அழுத்தச் சொன்னார். கொழுக்கட்டைபோல் உப்பியிருந்தது.

டயரின் மேல்தோலுக்கு அடியில் நுண்ணிய எஃகுக் கம்பிப் பட்டைகள் இரண்டு பதிக்கப்பட்டிருக்கும். வயதாலோ, உட்புகுந்த நீராலோ, குழியில் விழுந்த அடியாலோ அவை ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிட்டால், மேலே பொத்தான் எவ்வளவு இருந்தும் பயனில்லை. நெடுந்தூரம் சூடேறி ஓடும்போது தோல் முழுதும் உரிந்து போகலாம். பின்சக்கரத்தில் அது நிகழ்ந்தால் வண்டியின் வால் சுழன்றுவிடும். பக்கச்சுவரில் பொறித்திருந்த எண்களில் கடைசி நான்கு இலக்கங்களைப் படிக்கச் சொன்னார்: 3115. அதாவது 2015-ஆம் ஆண்டின் 31-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஏழு ஆண்டுகள்! மூன்று ஆண்டுகளாக அவ்வெண் என் கண்முன்னேதான் இருந்தது. பணிமனையாரைக் குறை கூறிய வாய் அடைத்துப் போயிற்று.

ஸ்டெப்னியை எடுத்தால் அதில் காற்று பாதிதான் இருந்தது. அதுவும் என் கவனக்குறைவே. காற்றடித்து மாட்டி, நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, இன்னொரு பின்டயரையும் தடவிப் பார்த்து, “எண்பதுக்கு மேல போகாதீங்க, ஊர்ல போய் ரெண்டையும் மாத்திருங்க” என்று கூறி அனுப்பினார். கூலி நூற்றைம்பது ரூபாய். மேற்கொண்டு நான் நீட்டியதைத் தொடவில்லை.

அதன்பின் எண்பதிலேயே சென்றமையால் ஊர்களைக் காணும் பேறு கிடைத்தது. கோவில்பட்டியில், 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாயை அம்மையார் ஒரு கட்டு வாங்கினார். கரிசல் மக்களின் பேச்சை ஏட்டில் ஏற்றி 2021-இல் மறைந்த கி. ராஜநாராயணன் பிறந்த இடைசெவலும், 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறும் வந்து போயின. நெல்லைக்கு அப்பால் மண் சிவந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்றில் சுழன்றடிக்கும் காற்றாலைகள் கார்த்திகையில் சோம்பி நின்றன. நாகர்கோவிலை அடைந்தபோது மணி பன்னிரண்டரை. நிச்சயதார்த்தம் முடிந்து இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது.

அன்று மாலையே அவ்வூரில் பின்டயர்கள் இரண்டையும் மாற்றி, நான்கு சக்கரங்களுக்கும் பேலன்சிங் செய்துகொண்டேன். மறுநாள் நண்பகலுக்குப் பின் திரும்பினோம். கயத்தாற்றைக் கடந்ததும் தொண்ணூறைத் தொட்டு, “இப்போது எப்படி இருக்கிறது, அம்மா?” என்று கேட்டேன்.

“குறுகுறுப்பு இல்ல சாமி” என்றார் அவர். சற்று நேரங்கழித்து, “இடதுபக்கக் கதவுலதான் என்னமோ சத்தம் கேக்குது” என்றார். வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.