மிமாலேண்ட்: காடு மூடிய கேளிக்கை



‘மிமாலேண்ட்’ என்று என் வகுப்பில் சொன்னால் மாணவர்கள் விழிக்கின்றனர். அவர்களின் பெற்றோரிடம் சொன்னாலோ முகம் மலர்கிறது. ஒரு தலைமுறைக்குள் மறைந்துபோன அந்த ஏரிக்கரைப் பூங்காவைப் பற்றியதே இப்பதிவு.

கோம்பாக்கிலிருந்து பெந்தோங் செல்லும் பழைய சாலையோரம், காடு சூழ்ந்த மலைச்சரிவில் 1975ஆம் ஆண்டு மிமாலேண்ட் திறக்கப்பட்டது. மலேசியாவின் முதல் கருப்பொருள் பூங்கா என்று அதனைக் குறிப்பிடுவர். ‘மலேசியா இன் மினியேச்சர் லேண்ட்’ என்பதன் சுருக்கமே அப்பெயர். படகு விடவும் மீன் பிடிக்கவும் ஓர் ஏரி, மிகப் பெரிய நீச்சல் குளம், உயரமான சறுக்கு, மரங்களுக்கிடையே ஆளுயரத்தை மிஞ்சிய டைனோசர் உருவங்கள் ஆகியவை அங்கிருந்தன.

1990இல் ஐந்தாம் ஆண்டு மாணவனாக நான் அங்குச் சென்றேன். கம்போங் ராஜாவிலிருந்து தாப்பா இறங்குவதற்குள் பேருந்தில் பாதிப்பேர் வாந்தியெடுத்து ஓய்ந்தோம். கொழுந்து பறித்த கூலியிலிருந்து அம்மா இரண்டு தவணையாகக் கட்டிய பணத்தில் அமைந்த பயணம் அது. வாழ்வில் முதன்முதலாகப் படகேறினேன். எங்கள் ஆசிரியரோ கரையில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தார். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆசிரியர் பயிற்சிக் கழகம் முடித்துப் பணியேற்று, முதல் சுற்றுலாவுக்கு மாணவர்களை அழைத்துச் சென்ற அன்றுதான் அந்த எண்ணிக்கையின் பொருள் எனக்கு விளங்கியது.

1993இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் அங்கு உயிரிழந்தார். அம்மலைச்சரிவில் மண்ணும் நகரத் தொடங்கியிருந்தது. 1994இல் பூங்கா மூடப்பட்டது. அதன்பின் காடு உள்ளே புகுந்தது. டைனோசர்கள் மீது கொடி படர்ந்த படங்களைப் பின்னாளில் பலரும் எடுத்து வெளியிட்டனர். மக்கள் கூட்டமோ சன்வே லகூன் போன்ற புதிய பூங்காக்களை நாடிச் சென்றது.

“நல்ல இடத்தை மூடிவிட்டார்களே!” என்று வருந்துவோர் இன்றும் உளர். நானும் அந்த ஏரியை விரும்பியவனே. ஆயினும், மூடியது சரியே என்பது என் கருத்து. மலையில் வாழும் நமக்கு மண்ணின் குணம் தெரியாததன்று. 2013 அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலை, அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமும் வீடுகளுக்குள் புகுந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங் காலியில் ஒரு முகாம் தளத்தின் மீது மலைச்சரிவு இறங்கியதில் 31 பேர் மாண்டனர். பள்ளி விடுமுறையைக் கழிக்கச் சென்ற ஆசிரியர்களும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். அங்கு முகாம் நடத்த உரிமமே இல்லை என்பது பின்னரே மக்களுக்குத் தெரியவந்தது.

ஆகவே, பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிச் சுற்றுலாவுக்கான அனுமதிக் கடிதம் வீட்டுக்கு வரும்போது, கட்டணத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். அந்த இடத்திற்கு உரிமம் உண்டா, மேலே சரிவு உள்ளதா, நீர்நிலை இருந்தால் காவலர் எத்தனை பேர் என்று எங்களைக் கேளுங்கள். அக்கேள்விகள் எங்களுக்குத் தொல்லையல்ல. தலைகளை எண்ணும் பணியில் நீங்களும் பங்கேற்கிறீர்கள் என்றே கொள்வோம்.

மிமாலேண்ட் சென்ற நினைவு உங்களுக்கும் உண்டெனில், பிள்ளைகளிடம் சொல்லுங்கள்; அது மூடப்பட்ட காரணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.