பாடசாலை லெப்டொப்பும் மீதமிருக்கும் பணமும்



லெப்டொப்புக்குப் பணம் தந்த பலரும் "அது என்ன நடந்தது சேர்?" என்று கேட்கிறீர்கள். கணக்குச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

2012இல் வாங்கிய மெஷின். தரம் 11 பிள்ளைகளுக்கு மல்டிமீடியாவில் பாடம் காட்ட இது ஒன்றுதான் இருக்கிறது. போன தவணை, வீடியோ ஓடவிட்டால் திரையில் கலர் கலராகக் கட்டங்கள் விழத் தொடங்கின. முதல் கடையில் டிஸ்ப்ளே மாற்றச் சொன்னார்கள். நல்லவேளை, அதற்கு முன் மல்டிமீடியாவில் கொழுவிப் பார்த்தோம். சுவரிலும் அதே கட்டங்கள். திரை மட்டும் பழுதென்றால் சுவரில் படம் சுத்தமாக விழுந்திருக்க வேண்டும்.

இரண்டாவது கடையில் கிராபிக்ஸ் சிப்புக்குச் சூடு அடித்துத் தந்தார்கள். 6,500 ரூபா, அபிவிருத்திச் சங்கப் பணம். அவசரத்தில் யாரிடமும் கேட்காமல் கொடுத்தோம், அது எங்கள் பிழை. ஐந்தாவது கிழமை விண்டோஸ் அடையாளம் வந்ததோடு திரை கறுத்துவிட்டது. பல வருடம் சூடேறி ஆறி, சிப்போடு சேர்ந்த நுண்ணிய ஈயப் பொட்டுகள் வெடித்துப்போகும். சூடு காட்டினால் கொஞ்ச நாளைக்கு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். இதைப் பிறகுதான் அறிந்தோம்.

மூன்றாவது கடை மதர்போர்ட் மாற்ற 38,000 கேட்டது. அதற்குத்தான் உங்களிடம் வந்தோம். மூன்று நாளில் சேர்ந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். இடியப்பம் அவித்து விற்கும் ஓர் உம்மா 500 ரூபா தாளை மடித்துக் கொண்டுவந்து தந்தார்.

பணத்தோடு கடைக்குப் போக இருந்த அன்று, கட்டாரில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் வட்ஸ்அப்பில் கேட்டார்: "சேர், சேஃப் மோட்ல போட்டுப் பாத்தீங்களா?"

போட்டோம். இரண்டு மணித்தியாலம் ஒரு கட்டமும் இல்லை.

எங்கள் மெஷினில் கிராபிக்ஸ் இரண்டு. ஒன்று புரொசசருக்குள்ளேயே இருக்கும் இன்டெல், மற்றது தனிச் சிப். சேஃப் மோட் தனிச் சிப்பை எழுப்புவதில்லை. டிவைஸ் மனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற இடத்தில் இரண்டு பெயரும் இருந்தன. தனிச் சிப்பை டிஸேபிள் பண்ணினோம், இன்டெல்லைத் தொடவில்லை. ஃபேனில் அடைத்திருந்த தூசியையும் எடுத்து, காய்ந்துபோன தேமல் பேஸ்டையும் மாற்றினோம். இரண்டு மாதமாக ஓடுகிறது. கேம் விளையாட உதவாது, பாடத்துக்குத் தாராளம். எல்லா லெப்டொப்பிலும் இரண்டு சிப் இருக்காது. ஒரு பெயர் மட்டும் இருந்தால் இந்த வழி சரிவராது.

இனிப் பணம். 38,000 ரூபாவும் அப்படியே இருக்கிறது. மதர்போர்ட்டுக்கென்று தந்தது, அமானிதம். வேறு எதற்கும் எடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. மல்டிமீடியாவின் பல்ப் மங்கிவிட்டது. அதற்கு எடுக்கச் சம்மதமா, திருப்பித் தர வேண்டுமா என்று தந்தவர்கள் ஒவ்வொருவரும் உள்பெட்டியில் சொல்லுங்கள். திருப்பிக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இடியப்ப உம்மாவிடம் ஃபோன் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நாங்கள் நேரில் போய்க் கேட்கிறோம், இன்ஷா அல்லாஹ்.