என் ஓட்டு ஹென்றிக்கு

மனம்விட்டுப் பேசி, எதிரில் இருப்பவரையும் சேர்த்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வர்றதில் நம்ம கதைகளில் யார் கெட்டிக்காரர்? பலரும் வந்தியத்தேவனைச் சொல்வாங்க. பேச்சில் சூரன்தான். ஆனா அவன்கிட்ட எப்பவும் மறைக்க ஒரு ரகசியம் இருக்கு; அடுத்தவர் வாயைக் கிளறத்தான் பேசுறான். என் தேர்வு ஜெயகாந்தனின் நாவலில் வர்ற ஹென்றி. அப்பா வீட்டைத் தேடி கிருஷ்ணராஜபுரம் வர்றான். அங்கே சித்தப்பா துரைக்கண்ணு, லாரிக்காரர், முரட்டுப் பேச்சு. பஞ்சாயத்தில் அவர் சொத்தெல்லாம் உன்னுதுங்கிறார், இவன் வேண்டாங்கிறான். வெறும் நல்லவன் கதைன்னு ஒதுக்க முடியாது. அந்தப் பழைய வீட்டு மேல தனக்கிருக்கிற ஆசையை அவன் மறைக்கவே இல்லை.

1968இல் பக்கத்தில் ஆரோவில் வந்ததிலிருந்து வெளியூர்க்காரரோடு பேசிப் பேசியே வாழுற குயிலாப்பாளையம் கிராமத்துக்கும் ஹென்றியோட இந்த வெளிப்படைதான் வேணும். உங்க தேர்வு யாரு?