70 கொண்டை ஊசி வளைவுகள்... கொல்லிமலையில் ஒரு 'ரோட் ரேஷ்' ஞாபகம்!

90'ஸ் கிட்ஸிடம் 'ரோட் ரேஷ்' என்று சொல்லிப் பாருங்கள். பதில் பேசுவதற்கு முன்பே, பக்கத்தில் இருப்பவரை உதைப்பதுபோல் காலைத் தூக்கிக் காட்டுவார்கள். அப்படியொரு வில்லங்கமான பைக் கேம் அது!

மற்ற ரேஸ் கேம்களில் வேகமாகப் போனால் ஜெயிக்கலாம். ரோட் ரேஷில் அது மட்டும் போதாது. பக்கத்தில் வருபவரைக் குத்தலாம், எதிரே வரும் காரின் மேல் உதைத்துத் தள்ளலாம், அவர் கையில் இருக்கும் தடியைப் பிடுங்கி அவரையே அடிக்கலாம். பின்னாலேயே போலீஸ் துரத்தும். சிக்கினால் அபராதம்.

1991-ல் சேகா கருவிக்காக எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட இந்த கேம், 1996-ல் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளில் பலருக்கும் அறிமுகமானது இந்த விண்டோஸ் பதிப்புதான். சிடியில் கைமாறி, கம்ப்யூட்டர் சென்டர், பெரியப்பா வீடு என்று பரவியது. டைப்பிங் பழக உட்கார்ந்த பிள்ளைகளின் விரல்கள் அம்புக்குறி பட்டன்களை விட்டு நகராத காலம்!

அந்தப் பதிப்பில் வரும் சாலைகள் எல்லாம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பக்கம். சியரா நெவாடா மலைப்பாதையும் அதில் உண்டு. அங்கே போக விசா வேண்டும். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு பைக், ஹெல்மெட், லைசென்ஸ் இருந்தால் போதும்.

லெவல் 1/70

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக அடிவாரமான காரவள்ளிக்கு வந்துவிட்டால் ஆட்டம் தொடங்கும். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். '1/70', '2/70' என்று ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. கேம் விளையாடிய கைகளுக்கு இது லெவல் எண்ணிக்கை போலவே தோன்றும். 20-ஐத் தாண்டும்போது கீழே சமவெளி சின்னதாகத் தெரியும். மேலே போகப் போகக் காற்று குளிரும்.

ஆனால், கேமோடு ஒப்பிடுவதை இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. ரோட் ரேஷில் விழுந்தவர் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து, ஓடிப்போய் பைக்கை எடுப்பார். இங்கே ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். எதிரே வருவது கம்ப்யூட்டர் ஓட்டும் கார் அல்ல. ஊர் மக்கள் ஏறிய பஸ், பலாப்பழமும் வாழைத்தாரும் ஏற்றிய வண்டி. சுற்றுலா வருபவர்களுக்கு இது ஒருநாள் த்ரில். மலைவாழ் மக்களுக்கோ சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற அன்றாட வழி.

கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்ப, ஏறக்குறைய சாலை முழுவதும் தேவைப்படும். அந்த நேரத்தில் இடுக்கில் பைக்கை நுழைப்பது ஆபத்து. ஹாரன் கொடுத்து, ஒதுங்கி நின்று, பஸ் போன பிறகு கிளம்ப வேண்டும்.

மேலே என்ன பரிசு?

70-வது வளைவைத் தாண்டினால் சோளக்காடு. சீசனில் அன்னாசி, பலா, மலை வாழை வாங்கலாம், மிளகும் கிடைக்கும். அடுத்து செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு புகழும் வள்ளல் இவர். கேம் பாஷையில் சொன்னால், சங்க காலத்து 'காம்போ'!

அறப்பளீஸ்வரர் கோயில் அருகே ஆகாய கங்கை அருவி. சுமார் 300 அடி உயரத்தில் இருந்து விழும் தண்ணீரைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். திரும்பி ஏறும்போது மூச்சு வாங்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கோயிலோடு நின்றுகொள்ளலாம்.

இறங்கும்போது கவனம்

பகலிலேயே இறங்கிவிடுங்கள். வண்டியை நியூட்ரலில் உருளவிடாதீர்கள். குறைந்த கியரில் வந்தால் இன்ஜினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும், பிரேக் சூடாகாது. ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி என்பது சாலை விதி. மழையும் மூடுபனியும் இருந்தால், அவசரம் வேண்டாம்.

யாரையாவது உதைத்துத் தள்ளும் ஆசை இன்னும் பாக்கி இருந்தால், வீட்டுக்கு வந்து பழைய சிடியைத் தேடிப் பாருங்கள்!