புளியங்கொட்டை

கதவைத் திறந்தால் அடியில் நான்கு விரற்கடைக்குத் தண்ணீர். மேலே எண்ணெய்ப் படலம், மிதக்கும் கறிவேப்பிலை. பாத்திரம் கழுவும் இயந்திரம் பாதியில் நின்று, ஏதோ ஓர் எண்ணைக் காட்டி மினுக்கிக்கொண்டிருந்தது.

பழுதுபார்ப்பவர்களை அழைத்தேன். "வீட்ல சார் இருக்காங்களா மேடம்?" என்றது ஒரு பெண்குரல். சார் வெளியூரில். ஆள் வர நான்கு நாளாகுமாம்.

சாருக்கே போன் போட்டேன். "அடியில ஒரு ஃபில்டர் இருக்குமே, மாட்ட வந்த பையன் காட்டினானே!" காட்டியிருக்கிறான், அவரிடம். அப்போது நான் அந்தப் பையனுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாக அதைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்று தெரிந்தவர் ஒருநாளும் அதில் தட்டு அடுக்கியதில்லை. அடுக்கியவளுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. தொல்காப்பிய நூற்பாக்களை எண்ணோடு சொல்கிறவள் என்று எனக்குக் கல்லூரியில் பெயர்.

மின்னிணைப்பைப் பிடுங்கினேன். டம்ளரால் தண்ணீரை மொண்டு ஊற்றி, மிச்சத்தைப் பழைய துணியில் ஒற்றியெடுத்தேன். கீழ்த்தட்டை உருவியதும் நடுவில் உருளையான சல்லடை தெரிந்தது. இடப்பக்கம் திருகினேன், ஆட்டம் கண்ட பல்போல உடனே கையோடு வந்தது. உள்ளே தேங்காய்த் துருவல், கடுகு, மிளகாய் விதை எல்லாம் ஒரே சாம்பல் நிறக் குழம்பாய். அந்த நாற்றத்தை எழுத விரும்பவில்லை. பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, பூட்டி ஓடவிட்டேன். உறுமியது, தண்ணீர் போகவில்லை. பின்னால் வடிகுழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

ஜோசபின் காக்ரன் என்ற அமெரிக்கப் பெண் 1886இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பணியாளர்கள் கழுவும்போது தன் பீங்கான் தட்டுகளின் விளிம்பு உடைகிறது என்ற எரிச்சலில்தான் யோசித்தார் என்பார்கள். வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், அந்தப் பணியாளர்களைப் பற்றி எதுவும் சொல்லாமல்.

நாங்கள் வாங்கியது 2020இல், ஊரடங்கில் அக்கா வர முடியாமல் போனபோது. அவர் திரும்பி வந்தபோது பத்துப் பாத்திரம் இல்லை. பெருக்கித் துடைப்பது மட்டும். சம்பளத்தைக் குறைத்தேன். குறைத்தது நான்தான், சார் இல்லை.

அன்றும் வந்தார். தரையில் குந்தியிருந்த என்னைப் பார்த்துத் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுபடி மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, சல்லடைக் குழிக்குள் இருந்த சின்ன மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பினேன். அவர் செல்போன் வெளிச்சம் பிடித்தார். "கண்ணாடிச் சில்லு கெடக்கும்மா, பாத்து." நீரை வெளியே தள்ளும் சின்னச் சக்கரத்தின் இதழ்களுக்கிடையில் கறுப்பாக ஒன்று சிக்கியிருந்தது. புளியங்கொட்டை. சல்லடை சரியாகப் பூட்டாமல் கிடந்திருக்கிறது. அந்த இடைவெளியில் இறங்கிவிட்டது.

"ரசச் சட்டிய ஒரு தண்ணி அலசிட்டுதாம்மா நான் தேய்க்கவே எடுப்பேன்" என்றார், குறையாக அல்ல, தகவலாக.

எல்லாம் மாட்டி, ஒரு சொம்பு நீர் ஊற்றி ஓடவிட்டோம். தொட்டிக் குழாயில் கடகடவென்று தண்ணீர் இறங்கிய சத்தத்தில் இருவரும் சிரித்தோம். அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். சம்பளத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் அன்று பேச்செடுக்கவில்லை.