கலகம் என்ற சொல்

சென்ற தவணை, தரம் 11 மாணவருக்குச் சொற்பொருள் வேறுபாடு கற்பித்துக்கொண்டிருந்தோம். மறுப்பு, கிளர்ச்சி, கலகம் என மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதினோம். கலகத்துக்கு உதாரணமாக, இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்காவின் போர்ட் சிக்காகோவில் நிகழ்ந்ததைக் கூறினோம். எங்கோ படித்த தலைப்பு அப்படியே நாவில் வந்துவிட்டது.

“சேர், அவர்கள் யாரை அடித்தார்கள்?” என்றாள் ஒரு மாணவி.

யாரையும் அடிக்கவில்லை. அன்றிரவு நாம் மீண்டும் நூல்களைப் புரட்டினோம்.

கலிபோர்னியாவிலுள்ள அத்துறைமுகத்தில், பசிபிக் போர்முனைக்கான குண்டுகளைக் கப்பலேற்றிய கடற்படையினர் அனைவரும் கறுப்பினத்தவர். ஏவிய அதிகாரிகள் அனைவரும் வெள்ளையர். வெடிமருந்தைக் கையாளும் பயிற்சி அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. எப்பிரிவு அதிகம் ஏற்றும் என்று அதிகாரிகள் பந்தயம் கட்டினர். நாசிகளின் இனவெறியை எதிர்த்துப் போரிட்ட நாட்டின் படையே இது! 1944 யூலை 17 இரவு, அங்கு நின்ற இரு கப்பல்கள் வெடித்துச் சிதறின. மாண்டவர் 320 பேர். அவர்களுள் 202 பேர் கறுப்பினத்தவர்.

உயிர்தப்பிய அதிகாரிகளுக்கு விடுமுறை கிடைத்தது. கறுப்பினத்தவர்க்கோ தோழர்களின் சிதைந்த உடல்களைப் பொறுக்கும் வேலை. மூன்று வாரங்களில் மீண்டும் வெடிமருந்து ஏற்றும்படி கட்டளை வந்தது. 258 பேர் மறுத்தனர். சுட்டுக்கொல்லப்படலாம் என்ற அச்சுறுத்தலுக்குப்பின் பெரும்பாலோர் பணிந்தனர். 50 பேர்மீது கலகக் குற்றம் சாட்டப்பட்டு, 15 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. வழக்கறிஞர் தேர்குட் மார்ஷல் விசாரணையை நேரில் கண்டு, அவர்களுக்காக வாதாடினார்.

“போர்க்காலத்தில் உரிமை பேசலாமா?” என்றார் ஆசிரியர் அறையில் நண்பரொருவர். இந்த வினாவை நாமும் முன்னர் நியாயமானதென்றே கருதியிருந்தோம். ஆனால் 1941இல், தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ரண்டோல்ஃப் வாஷிங்டனுக்குப் பேரணி நடத்துவோம் என்று எச்சரித்த பின்னரன்றோ, பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் இனப்பாகுபாட்டைத் தடுக்கும் ஆணையை ரூஸ்வெல்ற் பிறப்பித்தார்! போர் முடியட்டும் என்று காத்திருந்தால், ஆளும் தேவை தீர்ந்துவிடும். கேட்கும் செவியும் மூடிவிடும்.

1946இல் அந்த 50 பேரில் பெரும்பாலோர் சிறையிலிருந்து வெளிவந்தனர். குற்றத்தீர்ப்போ அழியவில்லை. 2024 யூலை 17 அன்றுதான் கடற்படை அவர்கள்மீதிருந்த பழியை நீக்கியது. அப்போது அவர்களுள் ஒருவரும் உயிரோடில்லை.

மறுநாள் இவற்றை வகுப்பிற் கூறி, போர்ட் சிக்காகோவை மறுப்பு என்ற சொல்லின்கீழ் எழுதச் செய்தோம். கலகத்துக்கு வேறு உதாரணம் வேண்டுமே என்றாள் அதே மாணவி. அந்த இடத்தை இப்போதைக்கு வெறுமையாக விடும்படி கூறினோம்.